மல்லாக்க நீந்துறவனுக்குச் சுவர் வர்றது எப்படித் தெரியும்? சிங்கப்பூர் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் பார்த்த பிறகு ஒரு கேள்வி

பாலக்கோட்டுக்காரன் | 3 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை ரெண்டு வருஷமா படிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

என் பையனுக்கு 13 வயசு. அஞ்சு வயசுல எங்கப்பா அவன் முதுகுல சுரைக்குடுக்கை கட்டி எங்க கிணத்துல இறக்கிவிட்டாரு. அன்னையில இருந்து தண்ணிதான் அவனுக்கு எல்லாம். மத்த பசங்க மோட்டார் மேடையில இருந்து குதிச்சுக்கிட்டு இருப்பாங்க. இவன் மட்டும் மல்லாக்கப் படுத்து வானத்தைப் பார்த்துக்கிட்டே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போயிட்டு வருவான். பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர் பார்த்துட்டு, போன மாசம் ஒரு போட்டிக்குப் பேர் கொடுத்தார். 50 மீட்டர் நீளக் குளத்தை அவன் கண்ணால பார்த்ததே அன்னைக்குத்தான்.

100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக். முதல் 40 மீட்டர் வரைக்கும் பக்கத்து லேன் பையனைவிட ஒரு ஆள் நீளம் முன்னாடி. அப்புறம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பிச்சான். சுவருக்கு ரொம்ப முன்னாடியே குப்புறக் கவிழ்ந்து, காலை அடிச்சுப் போய்த் தொட்டுத் திரும்பினான். ரெண்டாவதா வந்தான், ஆனா முடிவுப் பட்டியல்ல அவன் பேருக்கு நேரா தகுதிநீக்கம்னு இருந்துச்சு. ஏன்னு கேட்டோம், "ரூல் அப்படித்தான்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் 12 நாள் கிணத்துப் பக்கமே போகலை.

போன வாரம் சிங்கப்பூர்ல உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் இறுதிப்போட்டியை ரெண்டு பேரும் போன்ல பார்த்தோம். தென்னாப்பிரிக்காவோட பீட்டர் கூட்ஸே 51.85, இத்தாலியோட தாமஸ் செக்கோன் 51.90, பிரான்ஸோட யோஹான் என்டோய் ப்ரூவார் 51.92. மூணு பேருக்கும் நடுவுல ஒரு விநாடியை நூறாப் பங்கு வெச்சா ஏழு பங்கு. பையன் நாலு தடவை ஓட்டிப் பார்த்துட்டுக் கேட்டான், "அப்பா, இவங்க ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கலையே. சுவர் வர்றது எப்படித் தெரியுது?"

எனக்குத் தெரியலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க. அவன் செஞ்ச தப்பு என்னன்னும் யாராவது விளக்கினா நல்லாயிருக்கும்.

---

ஓசூர் லேன் 4 | 3 ஆகஸ்ட் 2025, இரவு 10.25

அண்ணா, உங்க பையன் கேட்டதுதான் பேக்ஸ்ட்ரோக்கோட முதல் கேள்வி. நான் பத்து வருஷம் போட்டியில நீந்தினவ, இப்போ ஓசூர்ல சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

வீடியோவை இன்னொரு தடவை போட்டு, சுவருக்குக் கொஞ்சம் முன்னாடி தண்ணிக்கு மேல குறுக்கே கட்டியிருக்கிற கொடிகளைப் பாருங்க. ரெண்டு பக்கச் சுவர்ல இருந்தும் சரியா 5 மீட்டர்ல, தண்ணி மட்டத்துல இருந்து 1.8 மீட்டர் உயரத்துல இருக்கும். உலகத்துல எந்தச் சர்வதேசப் போட்டிக்குப் போனாலும் இதே அளவுதான். அதனாலதான் பிரிட்டோரியாவுல வளர்ந்த கூட்ஸேவால சிங்கப்பூர்ல வந்து கண்ணை மூடிக்கிட்டுத் திரும்ப முடியுது. கொடி தலைக்கு மேல போனதும் எத்தனை கை போடுறோம்னு எண்ணுவாங்க. எனக்கு முடிவுக்கு அஞ்சு கை. திரும்புறதுக்கு மூணு, நாலாவது கை வரும்போது கவிழணும். அந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், வேகத்துக்குத் தகுந்தும் மாறும். களைச்சுப் போனா ஒரு கை கூடும்.

இப்போ தகுதிநீக்கம். திரும்பும்போது குப்புறக் கவிழ விதி இடம் கொடுக்குது. ஆனா கவிழ்ந்த உடனே ஒரே தொடர்ச்சியா கையை இழுத்து (ஒரு கையோ, ரெண்டு கையும் சேர்ந்தோ) அந்த இழுப்புலயே கரணம் போட்டுடணும். கவிழ்ந்துட்டு மிதந்து போறது, காலை உதைச்சுச் சுவரைத் தேடிப் போறது கூடாது. அப்படிப் போனா அது பேக்ஸ்ட்ரோக் இல்லை, குப்புற நீச்சல். பையன் செஞ்சது அதுதான். நடுவர் முடிவு சரி. ஏன்னு பக்குவமா சொல்லாம போனது தப்பு. 13 வயசுப் பிள்ளைக்கு அந்த ரெண்டு வரி விளக்கம் பதக்கத்தைவிடப் பெருசு.

அவன்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க அண்ணா: வேகமா நீந்தினதுக்காக யாரும் உன்னை விலக்கலை. கொடியைப் பத்தி உனக்கு யாரும் சொல்லித்தரலை, அவ்வளவுதான்.

---

கிணத்துமேடு | 3 ஆகஸ்ட் 2025, இரவு 10.51

கிணத்துல எங்க கொடி இருக்கு! எங்க ஊர்ல கிணத்து ஓரம் சாய்ஞ்ச தென்னை ஒண்ணு இருந்துச்சு. அதோட மட்டை கண்ணுக்கு நேரா வந்தா சுவர் வந்துடுச்சுன்னு அர்த்தம். அந்த மரம் விழுந்த வருஷம் ரெண்டு பேருக்குத் தலையில அடி.

---

ஊத்தங்கரை வாத்தியார் | 4 ஆகஸ்ட் 2025, காலை 6.15

தம்பி பாலக்கோட்டுக்காரருக்கு. பையனிடம் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் கதையைச் சொல்லுங்கள். 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் இறுதிப்போட்டி. அமெரிக்காவின் ஆரன் பியர்சோல் 1 நிமிடம் 54.95 விநாடியில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த ஆஸ்திரியாவின் மார்கஸ் ரோகனுக்கும் அவருக்கும் இடையில் இரண்டு விநாடிக்கு மேல். தண்ணீரில் இருந்து ஏறிய பிறகு பார்த்தால், திருப்பத்தில் தவறு என்று பியர்சோலுக்குத் தகுதிநீக்கம்! சிறிது நேரத்துக்குத் தங்கம் ரோகனுடையதாக இருந்தது. பிறகு, நடுவரின் அறிக்கையில் காரணம் முறையாக எழுதப்படவில்லை என்று அந்தத் தீர்ப்பை விலக்கிக்கொண்டு, பியர்சோலுக்கே தங்கத்தைக் கொடுத்தார்கள். ஆஸ்திரியாவும் பிரிட்டனும் மேல்முறையீடு செய்தும் மாறவில்லை.

இதில் உங்கள் பையனுக்கு ஒரு சேதி இருக்கிறது. தன் காலத்தில் மல்லாந்த நீச்சலில் உலகிலேயே பெரிய ஆளுக்கும் அதே திருப்பத்தில்தான் தவறு என்றார்கள். அதே பியர்சோல் 2009இல் ரோமில் 200 மீட்டரை 1 நிமிடம் 51.92 விநாடியில் நீந்தினார். இன்றும் அதுதான் உலக சாதனை. அந்த வருடம் வேகத்தைக் கூட்டும் பாலியூரிதேன் நீச்சல் உடைகள் அனுமதிக்கப்பட்டிருந்தன, மறுவருடமே தடை செய்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இந்த முறை சிங்கப்பூரில் 200 மீட்டரில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஹூபர்ட் கோஷ் எடுத்த நேரம் 1 நிமிடம் 53.19 விநாடி.

எங்கள் காலத்தில் கரணம் போட்டுத் திரும்புவதற்கு முன் மல்லாந்தபடியே கையால் சுவரைத் தொட்டாக வேண்டும். 1991க்குப் பிறகுதான் இந்தக் கவிழ்ந்து திரும்பும் முறை வந்தது.

---

காவேரிப்பட்டணம் ரசிகன் | 4 ஆகஸ்ட் 2025, காலை 11.30

யார் மனசையும் நோகடிக்கிறதுக்கு எழுதலை, ஆனா உண்மையைப் பேசணும். கிணத்து நீச்சலை வெச்சுக்கிட்டுக் கனவு காணுறது பிள்ளைங்களுக்கு நல்லதில்லை.

ஸ்ரீஹரி நடராஜைப் பாருங்க. நம்ம ஓசூர் எல்லையைத் தாண்டினா வர்ற பெங்களூருக்காரர். நல்ல குளம், நல்ல பயிற்சி, சின்ன வயசுல இருந்து முழுநேர உழைப்பு. 2021 ஜூன்ல ரோம்ல 100 மீட்டரை 53.77ல நீந்தி, ஒலிம்பிக்குக்கு நேரடியா இடம் தர்ற ஏ தகுதி நேரமான 53.85ஐத் தாண்டினார். நம்ம நாட்டுல ஏதாவது ஒரு பந்தயத்துல ஏ தகுதி நேரத்தைத் தொட்ட ரெண்டாவது நீச்சல்வீரர். அப்படிப்பட்டவரே டோக்கியோவுல 54.31 எடுத்து 27வது இடம், பாரிஸ்ல 55.01 எடுத்து 33வது இடம். அரையிறுதிக்கு 16 பேர்தான்.

53.77க்கும் 51.85க்கும் நடுவுல ரெண்டு விநாடிகூட இல்லைன்னு தோணும். தண்ணியில அது மூணரை மீட்டர் தூரம். கூட்ஸே சுவரைத் தொடும்போது நம்ம நாட்டோட மிகச் சிறந்த நீச்சல் இன்னும் மூணரை மீட்டர் பின்னாடி இருக்கு. அவருக்கே அப்படின்னா, பாலக்கோட்டுக் கிணத்துப் பையனுக்கு என்ன வழி? மாவட்டத்துக்கு நல்ல குளமும் பயிற்சியாளரும் கேக்குறதை விட்டுட்டுக் கொடி எண்ணிக்கிட்டிருந்தா எப்படி?

---

பாலக்கோட்டுக்காரன் | 4 ஆகஸ்ட் 2025, பகல் 1.10

தக்காளி மண்டியில இருந்து எழுதுறேன், சுருக்கமா சொல்லிடறேன். ஒலிம்பிக் பத்தி நான் பேசவே இல்லைங்க. அவன் மறுபடியும் தண்ணியில இறங்கணும், அதுதான் எனக்கு வேணும். மேடம் சொன்னதை அவன்கிட்ட படிச்சுக் காட்டினேன். "அப்போ என் கையில தப்பில்லையா"ன்னு கேட்டான்.

---

அதியமான்கோட்டை 77 | 4 ஆகஸ்ட் 2025, இரவு 8.05

காவேரிப்பட்டணம் நண்பர் சொன்ன கணக்கு சரி, முடிவுதான் சரியில்லை. அந்த மூணரை மீட்டர் எங்கே போச்சுன்னு பார்க்கணும். மேல கை போடுற இடத்துல போனது அதுல கொஞ்சம்தான். நிறையப் போறது சுவர்லயும், சுவருக்கு அப்புறம் தண்ணிக்கு அடியிலயும்.

1988 சியோல் ஒலிம்பிக், 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக். அமெரிக்காவோட டேவிட் பெர்காஃப் மேல வர்றதுக்கு முன்னாடி தண்ணிக்கு அடியிலயே மல்லாக்கப் படுத்து, கையை நீட்டி வெச்சுக்கிட்டு, டால்பின் மாதிரி உடம்பை அலையடிச்சு 30 மீட்டருக்கு மேல போவார். முதல் சுற்றுல 54.51, உலக சாதனை. எல்லாரும் தங்கம் அவருக்குத்தான்னு நினைச்சாங்க. இறுதிப்போட்டியில ஜப்பானோட டைச்சி சுசுகி தானும் அடித்தூரத்தைக் கூட்டி, சுமார் 30 மீட்டர் வரைக்கும் முங்கியே போய், கடைசிச் சுவர்ல முந்திட்டார். சுசுகி 55.05, பெர்காஃப் 55.18, சோவியத் ஒன்றியத்தோட இகோர் பொல்யான்ஸ்கி 55.20. ஜப்பானுக்கு 16 வருஷத்துக்குப் பிறகு நீச்சல்ல கிடைச்ச தங்கம் அது.

அதுக்கப்புறம்தான் கட்டுப்பாடு வந்துச்சு. முதல்ல 10 மீட்டர், 1991ல இருந்து 15 மீட்டர். 15வது மீட்டருக்குள்ள தலை வெளியே வந்துடணும்.

அடியில ஏன் வேகம்னா, மேல நீந்தும்போது நாமே அலையை உண்டாக்கி அந்த அலையைத் தள்ளிக்கிட்டே போறோம். அரை மீட்டர் கீழ போயிட்டா அந்த இழுவை பெரும்பகுதி இல்லை. அதோட சுவரை உதைச்சுக் கிளம்புற நேரத்துல இருக்கிற வேகம் போட்டியில வேற எங்கயும் வராது. அந்த வேகத்தை யார் அதிக நேரம் கெடாம காப்பாத்துறாங்களோ அவங்க ஜெயிக்கிறாங்க. நம்ம பசங்க முங்கு நீச்சல்ல கெட்டிக்காரங்க. இதைச் சொல்லிக்கொடுத்தா பிடிச்சுக்குவாங்க.

---

ஓசூர் லேன் 4 | 4 ஆகஸ்ட் 2025, இரவு 8.40

கடைசி வரியைப் படிச்சதும் பயந்துட்டேன். எல்லாரும் இதைப் படிங்க.

15 மீட்டர் அடியில போறதுக்கு 6, 7 விநாடி போதும். சின்னப் பையனுக்கு 10 விநாடி ஆகட்டும். இதுக்கு மூச்சடக்கிப் பழகவேண்டிய அவசியமே இல்லை. கிணத்துல "யார் ரொம்ப நேரம் முங்குறது"ன்னு போட்டி வெக்கிறதும், முங்குறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு இழுத்து விடுறதும் உயிருக்கு ஆபத்து. அப்படி மூச்சு விட்டா ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சுடும், மூச்சு முட்டுற உணர்வே வராது, ஆக்சிஜன் தீர்ந்ததும் சத்தமில்லாம நினைவு போயிடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்கதான் இப்படிச் சாகுறாங்க. மேல நிக்கிறவங்களுக்கு விளையாடுற மாதிரியே தெரியும்.

டால்பின் அடி பழகணும்னா குளத்துல, ஆழம் குறைஞ்ச பக்கத்துல, பக்கத்துல ஒரு ஆள் நிக்கும்போது.

---

ஊட்டமலை பரிசல் | 5 ஆகஸ்ட் 2025, காலை 5.50

அந்தம்மா சொன்னதை நான் ரெண்டு மடங்காச் சொல்றேன். ஒகேனக்கல்ல மூணு தலைமுறையா பரிசல் ஓட்டுற குடும்பம் எங்களுது. காவிரியில போனவங்களை எத்தனை தடவை தேடியிருக்கோம்னு எண்ணமாட்டேன். நீச்சல் தெரியாதவங்க பயந்து ஓரமா நிப்பாங்க. தெரிஞ்சவங்கதான் நடு ஆத்துக்குப் போவாங்க. கிருஷ்ணகிரிப் பக்கம் விட்டுட்டுப் போன கல்குவாரியில தேங்கின தண்ணி இன்னும் மோசம். செங்குத்தான பாறை, பிடிச்சு ஏற ஒரு படி இருக்காது. பண்ணைக்குட்டையும் அப்படித்தான், பிளாஸ்டிக் விரிப்பு வழுக்கும்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்களுக்கு முதல்ல சொல்லிக்கொடுக்கிற பாடமே மல்லாக்கக் கிடக்கிறதுதான். களைச்சுட்டா மல்லாந்துடு, காலை ஆத்துப்போக்குல நீட்டிக்கோ, மூச்சு வாங்கிக்கோன்னு எங்கப்பா சொல்வாரு. நான் ஒரு தடவை அப்படித்தான் பிழைச்சேன். அந்தப் பையனுக்கு அது தானா வந்திருக்கு. அதைக் கைவிட்டுடச் சொல்லாதீங்க.

---

காவேரிப்பட்டணம் ரசிகன் | 5 ஆகஸ்ட் 2025, காலை 9.20

பரிசல் அண்ணா எழுதினதைப் படிச்சப்புறம் என் பதிவு கொஞ்சம் கடுமையாப் போச்சுன்னு தோணுது. பையன் மேல எனக்கு ஒண்ணும் இல்லை. பிள்ளைகள் தண்ணியில கெட்டிக்காரங்களா இருந்தும் பழகக் குளம் இல்லாம நிக்கிறதைப் பார்த்த ஆத்திரம்தான் அது. அந்த ஆத்திரம் இன்னும் இருக்கு.

ஒரு நல்ல சேதி சொல்றேன். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கும் சேர்த்திருக்காங்க. அதுல திருப்பமே கிடையாது. நம்ம ஊர்ப் போட்டிகள்ல 50 மீட்டர் எப்பவும் இருக்கு. பையனை முதல்ல அதுல விட்டா என்ன?

---

ஓசூர் லேன் 4 | 5 ஆகஸ்ட் 2025, பகல் 2.15

நல்ல யோசனை. ஆனா 50லயும் கொடி வேணும். முடிக்கும்போது மல்லாந்தபடியே கையை நீட்டித் தொடணும். எண்ணிக்கை தெரியாதவங்க சுவர் வந்துடுமோன்னு கடைசி அஞ்சு மீட்டர்ல வேகத்தைக் குறைச்சிடுவாங்க, இல்லைன்னா கையை மடக்கி வெச்சுக்கிட்டுத் தலையில இடிச்சுக்குவாங்க. நூறுல அஞ்சு பங்கு, ஏழு பங்கு விநாடியெல்லாம் அங்கதான் போகுது. 2023ல இருந்து, தலை அந்த 5 மீட்டர் குறியைத் தாண்டினதும் முழுசா முங்கி முடிக்கவும் அனுமதி இருக்கு.

பாலக்கோட்டு அண்ணா, கிணறு எத்தனை அடி? தண்ணி மட்டத்துக்கு மேல படிக்கல் ஏதாவது நீட்டிக்கிட்டு இருக்கா?

---

பாலக்கோட்டுக்காரன் | 5 ஆகஸ்ட் 2025, இரவு 9.05

40 அடிக்கு 40 அடி மேடம், சதுரக் கிணறு. கருங்கல் கட்டு. கிழக்குச் சுவர்ல படிக்கல் வரிசை இறங்குது, எதிர்ல மோட்டார் குழாய் இரும்புச் சட்டத்தோட இருக்கு.

---

ஓசூர் லேன் 4 | 5 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

40 அடின்னா 12 மீட்டர். போதும். வடக்குச் சுவர்ல இருந்து 5 மீட்டர் அளந்து, அந்த இடத்துல படிக்கல்லுக்கும் குழாய்ச் சட்டத்துக்கும் நடுவுல ஒரு கயிறு கட்டுங்க. தண்ணியில இருந்து 1.8 மீட்டர், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணி மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் கயிறையும் மாத்தணும், அதை மறந்துடாதீங்க. கண்ணுல படுற மாதிரி கலர் துணி தொங்கவிடுங்க. அவன் கை தொடுற இடத்துல சுவரோட சேர்த்து ஒரு லாரி டியூப் கட்டுங்க, கருங்கல் விரலை உடைச்சிடும். கரணம் போட்டுத் திரும்புறது கிணத்துல வேண்டவே வேண்டாம். தொடுறது மட்டும். நீங்க இல்லைன்னா உங்கப்பா, யாராவது ஒருத்தர் மேல நிக்காம அவன் இறங்கக்கூடாது.

முதல்ல மெதுவா வரட்டும். கொடி தாண்டினதும் சத்தமா எண்ணட்டும். பத்து தடவை எண்ணினா ஒரே எண் வரணும். அப்புறம் வேகத்தைக் கூட்டட்டும்.

ராயக்கோட்டை வழியா பஸ் ஏறினா ஓசூருக்கு நேரா வந்துடலாம் இல்லையா? மாசத்துல ஒரு ஞாயிறு கூட்டிட்டு வாங்க. திருப்பம் நான் பார்த்துக்கிறேன்.

---

ஊத்தங்கரை வாத்தியார் | 6 ஆகஸ்ட் 2025, காலை 6.40

அளக்கும்போது நாடாவை வைத்து அளக்கவும், காலடிக் கணக்கு வேண்டாம். ஐந்து மீட்டர் என்றால் ஐந்து மீட்டர்தான்.

---

பாலக்கோட்டுக்காரன் | 17 ஆகஸ்ட் 2025, மாலை 6.50

தாமதத்துக்கு மன்னிக்கணும், தக்காளி பறிப்பு.

போன ஞாயிறு கட்டினோம். வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி நாடாவுலதான் அளந்தோம். தக்காளிச் செடிக்குக் கட்டுற சணலை மூணு புரியா முறுக்கி, மாட்டுக்குப் பொங்கலுக்குக் கட்டின சிவப்பு மஞ்சள் துணியை வெட்டித் தொங்கவிட்டோம். எங்கப்பா மேல உட்கார்ந்துக்கிட்டு, "இது எதுக்குடா, நல்ல நாள்கூட இல்லையே"ன்னு கேட்டாரு. பையன்தான் தாத்தாவுக்கு எல்லாத்தையும் விளக்கினான், பெர்காஃப் வரைக்கும்.

முதல் நாள் ஏழு, ஆறு, ஏழு, எட்டுன்னு மாறி மாறி வந்துச்சு. நாலாவது தடவை பொறுமை போய்த் திரும்பிப் பார்த்துட்டான், அவனே தலையில தட்டிக்கிட்டான். புதன்கிழமைக்கு அப்புறம் ஆறுல நின்னுடுச்சு. நேத்து வேகமா வரச் சொன்னேன். கொடி தாண்டினதும் எங்கப்பாவும் மேல இருந்து சேர்ந்து எண்ணினாரு. அஞ்சாவது கையில டியூப்பைத் தொட்டான். திரும்பிப் பார்க்கலை.

மேடம், 31ஆம் தேதி ஞாயிறு காலை முதல் பஸ்ல வர்றோம்.